ஓப்பன் பேக் ஹெட்போன் வாங்கும் முன்: ஓம் எண்ணைப் பார்த்து நான் ஏமாந்த கதையும் சரியான வழியும்

பாட்டு, படம், கேம் மூன்றுக்கும் ஒரே ஹெட்போன். பட்ஜெட் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள். இந்தக் கணக்கோடு இரண்டு மாதம் அலைந்து ஒன்று வாங்கினேன், மூன்றே வாரத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். ஹெட்போன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டைப்பெட்டியில் போட்டிருந்த ஓம் (மின்தடையின் அளவு) எண்ணை நான் படித்த லட்சணம் அப்படி. இரண்டாவது முறை சரியாக அமைந்தது. நான் போன வழியை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: முதலில் அறையைப் பாருங்கள்

ஓப்பன் பேக்கில் காதுக்கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்காது, வலைதான் இருக்கும். ஒலி உள்ளேயே முட்டி மோதாமல் பின்பக்கமாக வெளியேறிவிடுவதால் பாட்டு தலைக்குள் அடைபட்டதுபோல் இல்லாமல் சற்று விலகி, காற்றோட்டமாகக் கேட்கும். 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414 காலத்திலிருந்து இதே தத்துவம்தான்.

வலை வழியாக ஒலி வெளியே போகும் என்றால் வெளியே உள்ளதும் உள்ளே வரும். என் அறையில் மின்விசிறியை ஐந்தில் வைத்தால் ஆலாபனைக்குப் பின்னால் ஓடும் தம்பூரா காணாமல் போய்விடும். மூன்றில் வைத்தால் திரும்பி வரும். சமையலறைக் குக்கர் விசிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நீங்கள் பார்க்கும் படத்தின் வசனம் முக்கால்வாசி புரியும். இது ஒத்துவராது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மூடிய வகையை வாங்குங்கள். சத்தமான அறையில் இதைப் போட்டுக்கொண்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்கும் நல்லதில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

படி 2: மூன்றில் எது அதிகம்?

மூன்றும் சமம் என்று எல்லோரும் சொல்வோம். ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள், ஒன்று மற்றதை விழுங்கியிருக்கும். எனக்குப் பாட்டுதான்.

ஓப்பன் பேக்கில் மிருதங்கத்தின் கும்கி நெளிந்து வருவது அழகாகத் தெரியும். ஆனால் படத்தில் கட்டடம் சரியும்போது தியேட்டரில் நெஞ்சில் வந்து மோதுமே, அந்த அடி கிடைக்காது. காற்று வெளியேற வழி இருப்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகள் வலுவிழந்துவிடும். வெடிச்சத்தத்துக்காகவே படம் பார்ப்பவருக்கு இது ஏமாற்றம்தான். கேமில் நேர்மாறு. காலடிச் சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று பிரித்தறிய இந்த வகை அருமையாக உதவும்.

படி 3: ஓம், டெசிபல் (நான் விழுந்த இடம்)

“ஓம் குறைவாக இருந்தால் போனிலேயே நன்றாகக் கேட்கும், அதிகமானால் ஆம்ப் (ஒலியை வலுவாக்கும் தனிக் கருவி) வேண்டும்” என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. நானும் அதை நம்பி 32 ஓம் என்று போட்டிருந்த பிளேனார் வகை (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தருவது) ஒன்றை வாங்கினேன். மடிக்கணினியில் செருகி ஒலியை நூறுக்கு ஏற்றியும், பழைய கச்சேரிப் பதிவுகள் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டன.

ஓம் என்பது பாதிதான். சென்சிட்டிவிட்டி என்று இன்னொரு எண் இருக்கும், கொடுக்கிற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது அது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: சில நிறுவனங்கள் அதை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லும், சில ஒரு வோல்ட்டுக்குச் சொல்லும். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு கோணலாகிவிடும். எல்லாவற்றையும் வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மில்லிவாட் எண்ணோடு இதைக் கூட்டினால் போதும்: 32 ஓம் என்றால் 15, 80 ஓம் என்றால் 11, 250 ஓம் என்றால் 6, 300 ஓம் என்றால் 5. (1000ஐ ஓமால் வகுத்து, லாக் எடுத்து, பத்தால் பெருக்கினால் வரும் எண் இது.)

இப்போது மூன்று பிரபல மாடல்களைப் பாருங்கள். ஹைஃபைமேன் ஹெச்இ400எஸ்இ 32 ஓம், மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். 15 கூட்டினால் வோல்ட்டுக்கு 106. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், மில்லிவாட்டுக்கு 96. 6 கூட்டினால் 102. சென்ஹைசர் எச்டி 560எஸ் 120 ஓம், ஆனால் அவர்கள் வோல்ட்டுக்கே 110 என்று கொடுத்துவிடுகிறார்கள். ஆக, ஒரே டாங்கிளில் (கணினியின் யூஎஸ்பியில் மாட்டி ஹெட்போனைச் செருகும் சின்னக் கருவி) செருகினால் 120 ஓம் ஹெட்போன்தான் 32 ஓமை விடச் சத்தமாகப் பாடும்!

ஹெச்இ400எஸ்இ-யின் 106 குறைச்சலா என்று கேட்கலாம். அது முழு ஒரு வோல்ட் கிடைக்கும்போது. அரை வோல்ட்தான் வருகிறது என்றால் 6 டெசிபல் போச்சு. பின்னால் சொல்லப்போகும் ஈக்யூவுக்காக (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது) இன்னொரு 5 போச்சு. பழைய பதிவு என்றால் அதுவே குறைந்த சத்தத்தில்தான் இருக்கும். எனக்கு நடந்தது இந்த மூன்றும் சேர்ந்துதான்.

படி 4: என் தேர்வு

மூன்றுக்கும் ஒன்று என்றால் எச்டி 560எஸ். 240 கிராம்தான், இரண்டு மணி நேரப் படத்துக்குக் கழுத்து வலிக்காது. முதல் வாரம் பிடி இறுக்கமாக இருக்கும். இரவில் அதன் அட்டைப்பெட்டி மேலேயே மாட்டி வைத்தேன், தளர்ந்துவிட்டது.

டிடி 990 ப்ரோவில் அடியும் பளபளப்பும் அதிகம், படத்துக்கு ஜோர். ஆனால் பாடகியின் ‘ஸ’வும் ‘ஷ’வும் ஊசி மாதிரி குத்தும். கேபிளையும் கழற்ற முடியாது. ஹெச்இ400எஸ்இ-யின் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் 390 கிராம், கூடவே ஆம்ப் செலவு. கையைக் கடிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் பிலிப்ஸ் எஸ்எச்பி9500 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

“கேமிங்” என்று பெட்டியில் எழுதி விளக்கு எரியும் ஹெட்செட்டுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. விளக்கு உங்கள் கண்ணுக்கே தெரியப்போவதில்லை.

படி 5: செருகுவது

கணினியின் முன்பக்க ஓட்டையில் செருகி, மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று கேட்டால் ஹெட்போனைத் திட்டாதீர்கள். ஒரு யூஎஸ்பி டாங்கிள் போட்டால் தீர்ந்துவிடும். அதன் பிறகும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் ஆம்ப்.

எச்டி 560எஸ்ஸின் மூன்று மீட்டர் கேபிளின் முனையில் 6.3 மில்லிமீட்டர் பெரிய பின், அதற்கு மேல் ஒரு மாற்றி. அந்தக் கனத்தைச் சின்ன டாங்கிளில் தொங்கவிட்டால் ஜாக் ஆட்டம் கண்டுவிடும். நடுவில் வயர் உள்ள மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: ஈக்யூ

விண்டோஸில் இதற்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். 105 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளை மொத்தமாக ஏற்றும் அமைப்பு) போட்டு 4 டெசிபல் ஏற்றுங்கள். படத்துக்குக் கொஞ்சம் உடம்பு வரும். ஏற்றிய அளவைவிடச் சற்று அதிகமாக ப்ரீஆம்பை (அதே மென்பொருளில் மொத்த ஒலி அளவு) குறையுங்கள், நான் மைனஸ் 5 வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் சத்தமான இடங்களில் ஒலி கிழியும்.

நிறுவும்போது எந்தக் கருவிக்கு என்று டிக் அடிக்கச் சொல்லும். டாங்கிளை வேறு யூஎஸ்பி போர்ட்டுக்கு மாற்றினால் சில சமயம் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக நினைத்துக்கொள்ளும், ஈக்யூ வேலை செய்யாது. அப்போது டிக் அடித்த அதே பக்கத்தை (டிவைஸ் செலக்டர், பழைய பதிப்புகளில் கான்ஃபிகரேட்டர்) திறந்து மறுபடி டிக் அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்குப் போனது.

கேமுக்கு ஒன்றே ஒன்று: கேமுக்குள் எச்ஆர்டிஎஃப் (ஒலி வரும் திசையை ஹெட்போனில் காட்டும் வசதி) இருந்தால் அதை மட்டும் போடுங்கள், அதே வேலையைச் செய்யும் விண்டோஸ் சோனிக்கை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் காலடிச் சத்தம் குழம்பிவிடும். மைக் தனியாக வாங்க வேண்டியிருக்கும். வாய்க்கு அருகில் வைக்கிற மாதிரி வாங்குங்கள். தூரமாக இருந்தால் ஹெட்போனிலிருந்து கசிவதையும் பிடித்து, நண்பர்களுக்கு அவர்கள் குரலையே திருப்பி அனுப்பும்.

பிற்சேர்க்கை: எச்டி 560எஸ் வாங்கிய ஒருவர், ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது, திருப்பி அனுப்பவா என்று எழுதியிருந்தார். அனுப்ப வேண்டாம். கேபிள் கிண்ணத்தில் சேரும் இடத்தில் திருகிப் பூட்டும் அமைப்பு இருக்கிறது. கடைசி வரை அழுத்திவிட்டு, அதன் பிறகே திருக வேண்டும். பாதியில் திருகினால் பூட்டியது போலவே இருக்கும், ஒரு காது செத்துக் கிடக்கும். அழுத்தித் திருகியதும் சரியாகிவிட்டதாக மறுநாள் எழுதினார்.