புற்றுநோய் செல்லையும் பிளேட்லெட்டையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

ரத்தத்துக்குள் நுழைந்த புற்றுநோய் செல்லைப் பிளேட்லெட்டுகள் சூழ்ந்துகொண்டால், எதிர்ப்புச் செல்களிடம் சிக்காமல் வேறு உறுப்பில் போய்க் குடியேறுவது அதற்கு எளிதாகிவிடுகிறது. பிளேட்லெட் எண்ணிக்கையைக் குறைத்த எலிகளில் நோய் பரவுவதும் குறைகிறது என்று ஆய்வாளர் காசிக்கின் (Gasic) குழுவினர் 1968-லேயே காட்டிவிட்டார்கள். இந்த ஒட்டுதலை ஆய்வகத்தில் பார்க்க ஒரு அக்ரிகோமீட்டர் போதும், பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகும்போது பிளாஸ்மா வழியே ஒளி எவ்வளவு கூடுதலாகக் கடக்கிறது என்று அளக்கும் கருவி அது. ஆனால் கையாளும்போதே பிளேட்லெட்டைத் தூண்டிவிட்டு, பழியைப் புற்றுநோய் செல் மேல் போடுவது இதில் அடிக்கடி நடக்கிறது, அதனால் தயாரிப்பில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ரத்தம் தருபவரின் ஒப்புதலும் முதலில். அவர் 10 நாட்களாக ஆஸ்பிரின் எடுத்திருக்கக் கூடாது. 21 கேஜ் ஊசியில் எடுங்கள், முதலில் வரும் 2 மில்லியை விட்டுவிடுங்கள், அப்புறம் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு 3.2% சோடியம் சிட்ரேட். குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், குளிர்ந்தாலே பிளேட்லெட் வடிவம் மாறிவிடும். சென்ட்ரிஃப்யூஜில் 200 ஜி (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு) விசையில் 10 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்றி, மேலே நிற்கும், பிளேட்லெட் நிறைந்த மஞ்சள் பிளாஸ்மாவை வெள்ளை அடுக்கைத் தொடாமல் எடுங்கள். மிச்சத்தை 1500 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றினால் பிளேட்லெட் இல்லாத பிளாஸ்மா கிடைக்கும்.

இப்போது பிளேட்லெட் உள்ள குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே புகை சுழல்வது போல மினுமினுப்பு ஓடினால் பிளேட்லெட்டுகள் தட்டையாக, அமைதியாக இருக்கின்றன. மினுமினுப்பே இல்லையென்றால் அந்தக் குழாயைக் கொட்டிவிடுவது நல்லது, தொடர்ந்தால் வீண் வேலை.

செல்கள் பக்கம் வருவோம். எம்டிஏ-எம்பி-231 மாதிரியான மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்ப்புத் தட்டிலிருந்து டிரிப்சின் போட்டு உரிக்காதீர்கள், ஒட்டுவதற்குத் தேவையான மேற்பரப்புப் புரதங்களையே அது வெட்டிவிடும். ஈடிடிஏ-வில் கழற்றலாம், ஆனால் நன்றாகக் கழுவ வேண்டும்: மிச்சம் இருந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பிளேட்லெட்டை ஒன்றோடொன்று ஒட்டவே விடாது. வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் சீரமும் போக வேண்டும், அதில் ரத்தத்தை உறையவைக்கும் என்சைமான திராம்பின் இருக்கலாம். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபான் ப்ளூ சாயத்தில் பார்த்து, 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தால் மட்டும் தொடருங்கள், ஏனென்றால் செத்த செல்லிலிருந்து கசியும் ஏடிபி (ADP) என்ற வேதிப்பொருளே பிளேட்லெட்டைத் தூண்டப் போதும்.

கருவி 37 டிகிரியில், கலக்கி ஓடியபடி இருக்கட்டும். ஒளி கடக்கும் அளவில் பிளேட்லெட் உள்ள பிளாஸ்மாவை 0%, பிளேட்லெட் இல்லாத பிளாஸ்மாவை 100% என்று அமைத்துவிட்டு, பிளேட்லெட் பிளாஸ்மாவில் புற்றுநோய் செல்லைச் சேருங்கள், கலந்த பிறகு மில்லிக்கு 10 லட்சம் செல் என்று தொடங்குங்கள். உடனே வரைபடக் கோடு ஏறவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள், சில நிமிடம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென ஏறுவதும் உண்டு. செல் இல்லாமல் அதே கழுவு திரவம் மட்டும் ஒரு ஓட்டம், ஏடிபி மட்டும் ஒரு ஓட்டம், இரண்டும் கட்டாயம்.

சரி, காரணம் எது? ஏடிபி-யைச் சிதைக்கும் அபைரேஸ் என்சைமைச் சேர்த்து ஒட்டுதல் குறைந்தால் ஏடிபி-க்குப் பங்கு உண்டு. திராம்பினைத் தடுக்கும் ஹிருடின் சேர்த்துக் குறைந்தால் திராம்பின் மீதும், அதை உருவாக்கத் தூண்டும் செல்லின் திசுக் காரணி (tissue factor) என்ற புரதம் மீதும் சந்தேகம் போகலாம். பல பேரின் ரத்தத்தில் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்றாகக் கலக்க வேண்டாம். ரத்தம் எடுத்து 4 மணி நேரத்துக்குள் முடித்து, கடைசியாக மறுபடி ஏடிபி மட்டும் ஓட்டுங்கள். அது முதல் ஓட்டத்தைவிட நன்றாகவே சரிந்திருந்தால் பிந்திய அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.