இழுக்கும் எண்ணை நம்பி டிரக் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் ட்ரெய்லர் இழுக்க செகண்ட் ஹேண்ட் ஹெவி டியூட்டி கேஸ் பிக்கப் டிரக் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பவுண்டு இழுக்கும்?" பதில் விளம்பரத்திலேயே தயாராக இருக்கும்: 13,000, 15,000. அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. (அங்கே கேஸ் டிரக் என்றால் பெட்ரோல் வண்டி. நம் வீட்டு சிலிண்டர் கேஸ் என்று நினைத்துவிடாதீர்கள்.)

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு சாத்தும் ஓரத்தைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இதுதான் பேலோடு. ஒரே வருடம், ஒரே மாடல் என்றாலும் நான்கு சக்கர இயக்கம், சன்ரூஃப், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றாகக் கூடக் கூட இந்த எண் இறங்கும். அதனால் இணையத்தில் தேடிய எண் உதவாது. உங்கள் கண் முன்னால் நிற்கும் வண்டியின் ஸ்டிக்கர்தான் கணக்கு.

ஸ்டிக்கர் 2,900 என்கிறது என்று வையுங்கள். குடும்பத்தில் நான்கு பேர் 650 பவுண்டு. பின்னால் ஏற்றும் சாமான் 250. மிச்சம் 2,000. டிரக்கின் தொட்டிக்குள்ளேயே பொருத்தும் ஃபிஃப்த் வீல் வகை ட்ரெய்லர், தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை டிரக்கின் முதுகில் வைக்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400. ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சின் எடை வேறு. இழுக்கும் சக்தி இருந்தும் சுமக்க இடமில்லை. அதே வண்டியில், பம்பருக்குக் கீழே மாட்டும் 9,000 பவுண்டு ட்ரெய்லரின் முனை 13 சதவீதம் அழுத்தினால் 1,170தான், தாராளமாகப் போகலாம். இந்தக் கணக்கில் பெட்ரோல் வண்டிக்கு ஒரு சாதகமும் உண்டு. டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். வண்டியும் சுமையும் சேர்ந்து 10,000 பவுண்டு என்று வரம்புள்ள, 'முக்கால் டன்' என்று அழைக்கப்படும் வகை டிரக்கில் அந்தக் கனம் நேராகப் பேலோடில் கழிந்துவிடும்.

அடுத்து ஆக்சில் விகிதம். சக்கரம் ஒரு முறை சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது. 3.73, 4.10, ஃபோர்டில் 4.30 என்று வரும். எண் கூடினால் இழுவை சுலபம், பெட்ரோல் செலவு கொஞ்சம் அதிகம். பழைய செவர்லே, ஜிஎம்சி வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குள் உள்ள ஸ்டிக்கரில் ஜிடி4 என்றிருந்தால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. சரி, 4.10 கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் டயரைப் பாருங்கள். முந்தைய ஓனர் 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 போட்டிருந்தால், உங்கள் 4.10 நடைமுறையில் 3.75 ஆகிவிட்டது. தூக்கிக் கட்டிய வண்டி பார்க்க அழகாகத்தான் இருக்கும்; இழுவைக்கு அதை நான் தொட மாட்டேன்.

டீசல் ஓட்டிப் பழகியவர்கள் செய்யும் தவறு வேறு. மேட்டில் வி8 என்ற எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் அலறினால் பதறிவிடுவார்கள். ஃபோர்டின் 6.2 லிட்டர், ராம் டிரக்கின் 6.4 லிட்டர் ஹெமி எஞ்சின் எல்லாம் அந்தச் சுழற்சியில்தான் வேலை செய்யும். உண்மையான பிரச்சினை உயரம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அந்தப் பக்கமே வசிப்பவர் என்றால் 2020இல் வந்த இன்னும் பெரிய பெட்ரோல் எஞ்சின்களான ஃபோர்டு 7.3 அல்லது ஜிஎம் (செவர்லே, ஜிஎம்சி) 6.6க்குக் காசு சேர்ப்பது நல்லது.

ஓடிய மைலை மட்டும் பார்ப்பதும் தவறு. டேஷ்போர்டில் எஞ்சின் ஓடிய மணி நேரமும் தெரிந்தால் வகுத்துப் பாருங்கள். 90,000 மைல், 6,000 மணி நேரம் என்றால் சராசரி 15 மைல் வேகம். எங்கோ வேலைத்தளத்தில் ஏசி போட்டு நின்றபடியே எஞ்சின் தேய்ந்த வண்டி அது. மிச்சிகன், ஒஹையோ பக்கத்து வண்டி என்றால் படுத்துப் பார்த்து, சாலை உப்பு ஃபிரேமையும் பிரேக் குழாய்களையும் தின்றிருக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம், சூடான எஞ்சினைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஜிஎம் 6.0, ஹெமி இரண்டிலும் எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் முறிவது சகஜம். குளிரில் டிக் டிக் என்று சத்தம் வரும். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். நான் ஒரு கடையில் 6.0 வண்டி பார்க்கப் போனபோது பானெட்டைத் தொட்டேன், கதகதப்பாக இருந்தது. "இப்பதான் கழுவ எடுத்தோம்" என்றார்கள். மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சாவி திருப்பியதும் டிக் டிக். டார்ச் அடித்துப் பார்த்தால், கேபின் பக்கம் கடைசி போல்டின் தலையே இல்லை. விலையில் ஐந்நூறு டாலர் குறைக்கிறோம் என்றார்கள். முறிந்த துண்டைத் துளைத்து எடுக்க மெக்கானிக் எவ்வளவு கேட்பார் என்று அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டேன். அதைக் கேட்ட பிறகு பேரம் பேச எதுவும் மிச்சமில்லை.