பால் டின்னும் செயற்கைக்கோளும்: தோட்டத்து மண்ணின் ஈரத்தை நாமே அளப்போம்

மலேசியாவில் எங்கள் பந்திங் ஊர்ப் பக்கம் நாலு நாள் மழை விட்டுப்போனால் போதும், செம்பனைக்கு உரம் போடலாமா வேண்டாமா என்ற பேச்சு வந்துவிடும். மண்டோராக, அதாவது தோட்டத்து ஆட்களை மேற்பார்ப்பவராக இருந்த அப்பா ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கி, மெல்ல விரலைத் திறப்பார். உருண்டை அப்படியே நின்றால் உரம் போடலாம். உதிர்ந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அதே மண்ணை 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்து ஈரத்தை எண்ணாகச் சொல்லும் செயற்கைக்கோள் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணை நம் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இன்றைய வேலை. காலி பால் டின், சமையல் தராசு, ஓவன், இணையம் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் ஈரத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. எந்த மண்ணும் தன் சூட்டினால் மெல்லிய நுண்ணலைகளை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். காய்ந்த மண் அதிகமாக விடும், நனைந்த மண் குறைவாக விடும். நாசாவின் ஸ்மாப் (2015 ஜனவரியில் ஏவியது), ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்மோஸ் (2009 நவம்பரில் ஏவியது) ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களும் அந்த அலையைக் காதால் கேட்பதுபோல் கேட்கின்றன. 1.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 21 சென்டிமீட்டர் நீள அலை. மேகம் அதைத் தடுக்காது. பாதி நாள் மூடிக் கிடக்கும் நம் வானத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

முதலில் மண். டின்னின் இரண்டு மூடிகளையும் வெட்டி எடுத்துவிட்டு, நேராக 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இந்த அலை மண்ணில் ஏறக்குறைய அவ்வளவு ஆழத்தைத்தான் சொல்லும். டின்னோடு தோண்டி எடுத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மண்ணைக் கத்தியால் வழித்துவிட்டு நிறுங்கள். பிறகு 105 டிகிரி ஓவனில் ஒரு முழு நாள் காயவைத்து மறுபடியும் நிறுங்கள். டின்னின் எடையை இரண்டிலும் கழித்துவிட வேண்டும்.

எனக்கு ஈர மண் 333 கிராம், காய்ந்த மண் 258 கிராம் வந்தது. போன தண்ணீர் 75 கிராம், அதாவது 75 கன சென்டிமீட்டர். என் டின்னின் விட்டம் 7.4 சென்டிமீட்டர், ஆழம் 5, ஆகவே எடுத்த மண்ணின் கன அளவு சுமார் 215 கன சென்டிமீட்டர். 75-ஐ 215-ஆல் வகுத்தால் 0.35. செயற்கைக்கோளும் இதே கணக்கில்தான் எண் சொல்கிறது.

ஒரே டின்னோடு நிறுத்திவிடாதீர்கள். மரத்தைச் சுற்றிப் புல் வெட்டிய வட்டத்தில் ஒன்று, மட்டை அடுக்கிய வரிசைக்கு அடியில் ஒன்று எடுங்கள். நாலு எட்டு தூரத்தில் ஈரம் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கையிலேயே உணரலாம். குறைந்தது ஆறு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

நேரமும் முக்கியம். ஸ்மாப் ஓர் இடத்தை ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை, சூரியக் கணக்கில் காலை 6 மணிக்குக் கடக்கிறது. மண்ணும் இலையும் ஒரே சூட்டில் இருக்கும் வேளை அது. மலேசியக் கடிகாரத்தில் அது ஏறக்குறைய ஏழே கால், பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் தோட்டக் காட்டுக்குள் போயிருக்கும் நேரம். நீங்களும் அப்போதே மண் எடுங்கள்.

அடுத்து கணினி. நாசா வேர்ல்ட்வியூ என்ற இணையதளத்தைத் தேடித் திறந்து, லேயர் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, ஸ்மாப் மண் ஈரம் என்ற படலத்தைத் தேர்ந்தெடுங்கள். தேதியை மாற்றி, பந்திங்கின் மேல் சுட்டியை வையுங்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்மாப்பின் ஒரு பார்வை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். தோட்டம், டவுன், பக்கத்து மோரிப் கடற்கரைக் கடல் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடும். நுணுக்கமாகப் பார்க்க வைத்திருந்த ரேடார் 2015 ஜூலையிலேயே பழுதாகிவிட்டது. அதோடு, அடர்ந்த செம்பனை இலைகளில் இருக்கும் தண்ணீரும் அலை விடுவதால் அடியிலிருக்கும் மண்ணின் குரல் அமுங்கிப்போகிறது. அதனால்தான் 9 கிலோமீட்டர் கட்டங்களில் வரும் நாலாம் நிலைத் (லெவல் 4) தரவில் மழைக் கணக்கையும் சேர்த்துக் கணினி மாதிரியால் கணக்கிடுகிறார்கள். உங்கள் டின் 0.35 என்று சொல்லி, படம் வேறு எண் காட்டினால் தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டு மாதம் எழுதிவைத்து, இரண்டும் ஒன்றாக ஏறுகின்றனவா, ஒன்றாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். எனக்கு உபயோகமாக இருந்தது அதுதான்.

கடைசியாகக் கடல். அதே அலையால் உப்பையும் அளக்கலாம். உப்பு கூடினால் கடல்நீரின் மின்கடத்தல் மாறி, அது விடும் அலையும் லேசாகக் குறையும். குளிர்ந்த கடலைவிட வெதுவெதுப்பான கடலில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மோரிப்பிலிருந்து ஒரு கிலோ கடல்நீர் கொண்டுவந்து அடுப்பில் சுண்ட வையுங்கள். உலகக் கடல்களின் சராசரி ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு. உங்கள் சட்டியில் மிஞ்சியதை அதோடு ஒப்பிடலாம். வேர்ல்ட்வியூவின் கடல் உப்புப் படலத்தில் மோரிப்பைத் தேடாதீர்கள், கரையோரத்தில் நிலத்தின் அலை கலந்து கெடுத்துவிடும். வங்காள விரிகுடாவின் வடக்கு முனைக்குப் போங்கள். மழைக்காலம் முடிந்த அக்டோபரில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரால் அங்கே உப்பு குறைந்திருக்கும். அப்படியே மேற்கே அரபிக்கடலுக்கு நகர்த்துங்கள், நிறம் மாறுவது தெரியும்.