உலோகங்களின் வினைபடுதிறன்: வரிசையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம் என்று வினைபடுதிறன் வரிசையைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர்களும், அந்த வரிசை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். ஓர் உலோகம் எலக்ட்ரான்களை இழந்து அயனியாக மாற எந்த அளவுக்கு முனைகிறது என்பதையே அது காட்டுகிறது; வரிசையில் மேலே, அதாவது முன்னே, இருப்பது அதிகம் முனைகிறது. அம்மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது வேறு கேள்வி.

பெரும்பாலான பிழைகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருபவை. இந்த முனைப்பை அளக்கும் திட்ட மின்முனை அழுத்தம் (எதிர்மதிப்பு மிகுந்தால் முனைப்பும் மிகுதி) லித்தியத்துக்கு −3.04 வோல்ட், சோடியத்துக்கு −2.71 வோல்ட். ஆகவே தண்ணீரில் லித்தியமே அதிக மூர்க்கமாக வினைபுரியும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோடியம் சுமார் 98 °C-இல் உருகுவதால், வினையில் எழும் வெப்பத்திலேயே உருண்டையாகத் திரண்டு நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடுகிறது. ஏறத்தாழ 180 °C-இல் உருகும் லித்தியமோ திண்மமாகவே மிதந்து, நிதானமாகக் குமிழிவிடுகிறது.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை என்பதால் அது இரும்பைவிட வினைபடுதிறன் குறைந்தது என எழுதுவது இன்னொரு பிழை. அதன் மேற்பரப்பில் காற்றுபட்ட உடனேயே உருவாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலமே அதைக் காக்கிறது. காப்பர் சல்பேட் கரைசலில் அலுமினியத் தாளை இட்டால் நெடுநேரம் மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதே கரைசலில் சிறிது சமையல் உப்பைச் சேர்த்தால், குளோரைடு அயனிகள் படலத்தைச் சிதைக்க, தாள் அரிக்கப்பட்டுச் செம்பழுப்பு நிறத் தாமிரம் படிகிறது, கரைசலும் சூடாகிறது. தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மைட் வினையில் இதே அலுமினியம்தான் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, உருகிய இரும்பை வெளிக்கொணர்கிறது.

ஹைட்ரஜனுக்கு மேலே உள்ள உலோகங்கள் நீர்த்த அமிலங்களிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் என்பது பொதுவிதி. ஈயம் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தும் நீர்த்த கந்தக அமிலத்தில் ஏறக்குறைய அசையாமல் கிடப்பதற்கும் காரணம் ஒரு படலமே. அங்கே அது கரையாத லெட் சல்பேட்.

ஹைட்ரஜனுக்குக் கீழே உள்ள தாமிரம் எந்த அமிலத்திலும் கரையாது என்பது அரைகுறைப் புரிதல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து அதனால் ஹைட்ரஜனை வெளியேற்ற இயலாது, உண்மைதான். ஆனால் அடர் நைட்ரிக் அமிலத்தில் அது பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடை வெளிவிட்டுக் கரைகிறது. அங்கே ஆக்சிஜனேற்றியாக, அதாவது தாமிரத்திடமிருந்து எலக்ட்ரான்களைப் பறிப்பதாக, செயல்படுவது நைட்ரேட் அயனி.

ஓர் உலோகம் தன்னைவிட வினைபடுதிறன் குறைந்த உலோகத்தை அதன் சேர்மத்திலிருந்து வெளியேற்றும் இடப்பெயர்ச்சி வினைகளில், தேர்வுத்தாள் அமைப்போர் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சோடியத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் இட்டால் என்ன கிடைக்கும்? வரிசையை மட்டும் நம்புவோர் தாமிரம் என்பார்கள். கரைசலில் நீரே மிகுதி. ஆகவே சோடியம் முதலில் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் தருகிறது. பின்னர் அந்தக் காரம் தாமிர அயனிகளுடன் சேர்ந்து, வெளிர்நீலக் காப்பர் ஹைட்ராக்சைடு வீழ்படிவாக அடியில் தங்குகிறது.