எட்டுப் போடும்போது பாய்ந்த மோட்டார் சைக்கிள்

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான செயன்முறைப் பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. எட்டுப் போட வரவில்லை. கல்லடியில் ஒரு வெறும் வளவில் கோடு கீறிப் பழகினேன். வலப்பக்க வளைவு சரி. இடப்பக்கம் திரும்பினால் மட்டும் வண்டி பாய்ந்து கோட்டைத் தாண்டிவிடும்.

என் கைப்பழக்கம் என்றே நினைத்தேன். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதிக்கச் சொன்னார் மச்சான். நல்ல முறைதான், ஆனாலும் பாய்ச்சல் நிற்கவில்லை. எக்ஸிலேட்டர் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்குரூவைக் குறைத்தேன், எஞ்சின் நின்றுபோனது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றிக் கழுவியதில் 2 நாள் போனது.

அப்புறம் ஒரு மாலை, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, எக்ஸிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை மட்டும் இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். எஞ்சின் சத்தம் ஏறியது! நேராக்கினால் இறங்கியது. திரும்பும்போது எக்ஸிலேட்டர் கேபிள்தான் இழுபடுகிறது. முன்பு ஹெட்லைட் மாற்றிய கராஜில் அதைத் தவறான பக்கத்தால் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

டேங்கைக் கழற்றி, கேபிளைப் பழைய வழியால் விட்டு, எக்ஸிலேட்டர் பிடியில் 2, 3 மில்லிமீற்றர் தளர்வு வைத்தேன். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. அப்பாடா என்றிருந்தது. பரீட்சையில் கால் நிலத்தில் படவே இல்லை.