உயிர் உரம்: வயலுக்குப் போகும் முன்பே செத்துவிடும் பாக்கெட்டுகள்

"அசோஸ்பைரில்லமும் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் தெரியலை." திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் உரக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அசோஸ்பைரில்லம் என்பது காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. இப்படிப்பட்டதை உயிரோடு பாக்கெட்டில் அடைத்து விற்பதுதான் உயிர் உரம். ஆனால் அவர் வயலில் தூவியது பல நேரம் பாக்டீரியாவே அல்ல, அது செத்தபின் மிஞ்சிய கரித்தூள்.

200 கிராம் பாக்கெட்டில் இருக்கும் கறுப்புப் பொடி பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி. பாக்டீரியா தங்குவதற்கான இடம், அவ்வளவுதான். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஈரமும் நிழலும் இருக்கும்வரைதான் அந்தக் கணக்கு நிற்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று மே மாதமே வாங்கி, தகரக் கொட்டகையில் யூரியா மூட்டைமேல் போட்டு வைத்தால் குறுவை நடவுக்குள் கதை முடிந்துவிடும். கடையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அந்தப் பாக்கெட் வெயில்படும் இடத்தில் இருந்ததா என்பதையும் பாருங்கள். பொடி கையில் ஈரமாகப் படவேண்டும். புழுதியாகப் பறந்தால் வாங்காதீர்கள்.

அடுத்த தவறு விதைநேர்த்தியில். பூஞ்சாணக் கொல்லி, உயிர் உரம் இரண்டையும் ஒரே வாளியில் கலப்பது நம்மூரில் சர்வசாதாரணம். மருந்து போட்டேயாக வேண்டுமென்றால் முதலில் அதைப் போட்டு, குறைந்தது 24 மணி நேரம் கழித்துப் பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பதில் சூடோமோனாஸ் போடுவதே மேல் என்பேன். அது பூஞ்சாணத்தை அடக்கும், அதுவும் பாக்டீரியாதான், அசோஸ்பைரில்லத்தோடு சண்டை போடாது. ஆனால் சூடோமோனாஸ் போட்ட கையோடு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்பு மருந்தை அடித்தால் இரண்டு செலவும் வீண்.

நடவு வயலுக்கு ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 4 பாக்கெட், மண்ணில் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா 4 பாக்கெட், கூட 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண். நடவுக்கு முன் இதைத் தூவுவதுதான் பரிந்துரை. ஒரே ஆள் கூலியில் வேலை முடியட்டும் என்று யூரியாவையும் டிஏபியையும் இதோடு கலந்து தூவுகிறார்கள். உரத்தின் உப்பு நேராகப் பட்டால் பாக்டீரியா தாங்காது. பச்சைச் சாணத்தோடு கலப்பதும் சரியில்லை, அது மக்கும்போது சூடேறும்.

இன்னொன்று டெல்டாவுக்கே உரியது. நமக்கு வயலுக்கு வயல் பாய்கிற தண்ணீர். மடையை அடைக்காமல் தூவினால் போட்டதில் பாதி கீழ்வயல்காரருக்குத் தர்மம். முதலில் மடையைக் கட்டுங்கள், தண்ணீர் சீராக நிற்கட்டும், வெயில் தாழ்ந்தபின் தூவுங்கள்.

கை நடவென்றால் நாற்று முடிகளை 15 முதல் 30 நிமிடம் இந்த இரண்டையும் தண்ணீரில் கலந்த கரைசலில் வேர் நனைத்து வைப்பது நல்ல பலன் தரும், ஏக்கருக்கு இரண்டிரண்டு பாக்கெட் போதும். இயந்திர நடவுக்குப் பாய் நாற்றை அப்படி நனைக்க வசதிப்படாது. அதை ஈடுகட்ட விதையிலும் நடவு வயலிலும் கண்டிப்பாகப் போடுங்கள். கடைமடையில் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது) செய்கிறவர்கள் விதையில் மட்டும் பூசிவிட்டு மழைக்காகக் காத்திருக்கக் கூடாது. சுடுமண்ணில் பாக்டீரியா எத்தனை நாள் தாங்கும்? நல்ல மழை பெய்து மண் நனைந்தபின் எருவோடு தூவுவதே புத்திசாலித்தனம்.

எதிர்பார்ப்பிலும் பிழை உண்டு. யூரியா போட்டால் சில நாளில் பயிர் பச்சை கட்டும். அசோஸ்பைரில்லம் அப்படிக் காட்டாது. அது தழைச்சத்தைக் கொஞ்சமாகச் சேர்க்கும், கூடவே வேரைத் தூண்டும் பொருளையும் சுரக்கும். அதனால் இலையைப் பார்க்காமல், ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். போடாத ஒரு சிறு பாத்தியை விட்டு வைத்தால் வித்தியாசம் புரியும். தழைச்சத்தில் கால் பங்கு வரை மிச்சப்படுத்தலாம் என்பதுதான் கணக்கு. இதை நம்பி யூரியாவை முழுக்க நிறுத்துவதும் தவறு, வழக்கமான யூரியாவை அப்படியே கொட்டுவதும் தவறு. அம்மோனியா மிகுந்தால் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

நெல்லுக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள்கூட உளுந்தில் கோட்டை விடுகிறார்கள். சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள் தை மாத ஈரத்தில் தெளிக்கிற உளுந்துக்கு உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. பயறு வகைகளின் வேரில் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தை விதையோடு அனுப்புவதுதான் சுலபமான வழி. நெல்லுக்கு வாங்கி மிஞ்சிய அசோஸ்பைரில்லத்தை இதற்குப் பூசிவிட்டு, வேரில் முடிச்சு இல்லையே என்றால் எப்படி வரும்? நிலக்கடலை ரைசோபியத்தையும் உளுந்துக்குப் பூசாதீர்கள், பாக்கெட்டில் பயிரின் பெயர் போட்டிருக்கும். 10 கிலோ விதைக்கு ஒரு பாக்கெட், நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே தெளித்துவிடுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் விதை வயலுக்குப் போவதற்குள்ளேயே பாக்டீரியா வெந்துவிடும்.

30, 35 நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பலனில்லை.