ஆறு சிலிண்டர் டாட்சன் 240இசட்: எஞ்சினை மாற்றாமல் வேகம் கூட்ட

1970-களின் தொடக்கத்து டாட்சன் 240இசட் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின் தேடி அலைய வேண்டாம். அதிலுள்ள எல்24 எஞ்சின் 2,393 சிசி, கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) தாங்க ஏழு மெயின் பேரிங். கூடுதல் சக்தியைத் தாங்கும் உடம்பு அதற்கு உண்டு. சிங்கப்பூரில் அதன் எதிரி சூடு.

முதலில் காகித வேலை. எக்ஸாஸ்ட் மாற்றத்துக்கும் எஞ்சினில் கைவைப்பதற்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வாங்குங்கள். பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம், சோதனை ஓட்டமும் அந்தக் கணக்கில்தான்.

பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆறு பிளக்கையும் கழற்றி, திராட்டலை முழுக்கத் திறந்து அளக்கவும். ஒரு சிலிண்டர் மட்டும் 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் கார்ப்ரேட்டருக்குக் காசு போடாதீர்கள், அங்கே வால்வோ ரிங்கோ போயிருக்கும்.

தீப்பொறிக்கான பழைய தொடர்புமுனையை (பாயிண்ட்) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வையுங்கள். தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாயை அடைத்துவிட்டு, நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி முந்தும் அளவு) 34 டிகிரி அளவில் நிறுத்தவும். 98 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுங்கள். ஏற்றத்தில் தட்டல் கேட்டால் அட்வான்ஸை 2 டிகிரி குறையுங்கள்.

மூன்று வெபர் 40 டிசிஓஈ கார்ப்ரேட்டர் போடுவதானால் 32 மிமீ சோக்கில் (காற்று போகும் தொண்டையின் குறுகலான வளையம்) தொடங்கலாம். சோக்கை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) 128, கடையில் 130 வாங்கலாம். அதோடு 50 சேர்த்தால் ஏர் ஜெட் (அதில் கலக்கும் காற்றுக்கான துளை) 180. ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டிய தொடக்கம்தான் இது. பெட்ரோல் பம்ப் அழுத்தம் 3 முதல் 3.5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் மிதவையின் ஊசி தோற்று பெட்ரோல் வழியும். கார்ப்ரேட்டர்களை ஒன்றாக இயக்கும் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு மூன்றின் காற்றோட்டத்தையும் மீட்டரில் சமன் செய்த பிறகே கம்பியை மாட்டவும்.

இனித்தான் சூட்டின் கதை. இந்த எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்ப்ரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதியான ஹெடர் கொதிக்கிறது. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு வண்டியை நிறுத்தினால், கார்ப்ரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்துத் தொண்டைக்குள் இறங்கும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் நாற்றம் மட்டும் வரும், எஞ்சின் பிடிக்காது. அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடக்கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் சிறு பம்ப் இன்னும் பெட்ரோல் பாய்ச்சும். முழுக்க அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வாக அலுமினியத் தடுப்புத் தகடு, இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாய்) கார்ப்ரேட்டருக்கும் நடுவே வெப்பம் கடத்தாத ஸ்பேசர், ஹெடரில் செராமிக் பூச்சு. பெட்ரோல் குழாயை ஹெடரிடமிருந்து தள்ளிக் கொண்டுபோவதும் அவசியம்.

ஹெட்டைக் கழற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு மர ஆப்பு செதுக்குங்கள். முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஓட்டும் செயினிலும் அதன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டிலும் வெள்ளைக் கோடு போட்டு, செயினின் இரு பக்கத்துக்கும் நடுவே ஆப்பை இறுக்கமாக இறக்கவும். அதன் பிறகே கேம் போல்ட்டைத் தளர்த்தலாம். ஆப்பு இல்லையென்றால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் துள்ளி வெளியே வந்துவிடும், முன் மூடி முழுவதையும் கழற்றாமல் அதை உள்ளே தள்ள முடியாது. ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் செயின் தளர்ந்து கேம் பின்தங்கும். ஸ்ப்ராக்கெட்டில் அடுத்த துளைக்கு மாற்றிச் சரிசெய்யலாம். அதிகம் சீவியிருந்தால் கேமைத் தாங்கும் டவருக்குக் கீழே ஷிம் (மெல்லிய தகடு) தேவை.

வால்வு இடைவெளி சூட்டில் இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.30 மிமீ. லேசான டிக் டிக் இருந்தால் பயப்பட வேண்டாம். அதை அடக்க இடைவெளியைக் குறைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கையில் சரியாக உட்காராமல் கருகிப்போகும்.